கிரகம் இல்லாத கல்

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நகை செய்து தரும் பத்தர் வீட்டுப் பட்டறை இருக்கிறது. கப்பலில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன முறை ஊருக்கு வந்தபோது மடகாஸ்கரின் தோமாசினா துறைமுக ஊரில் வாங்கியதாகச் சொல்லி ஒரு கல்லைக் கொடுத்தான். மோதிரம் செய்யலாமா என்று கேட்க அதை எடுத்துக்கொண்டு பத்தரிடம் போனேன். சுண்டைக்காய் அளவு, வெளிர் ரோஸ் நிறம். செந்தாமரை இதழின் நுனியில் அடர்ந்து காம்புப் பக்கம் வெளிறுமே, அந்த வெளிறிய பக்கத்து நிறம். பத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடுக்கியால் கல்லைத் தூக்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நீரோட்டம் நல்லா இருக்கு தம்பி. எந்தக் கிரகத்துக்கு இது?"

"கிரகம் எதுவும் இல்லைங்க ஐயா. மோர்கனைட்னு பேரு. மரகதத்துக்குத் தம்பி மாதிரி."

"கிரகம் இல்லாத கல்லை எதுக்குப் போடணும்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. சூரியனார் கோயிலில் தொடங்கித் திருநள்ளாறு வரை ஒன்பது கிரகத்துக்கும் ஒன்பது ஊர் வைத்திருக்கிற மண் இது. இங்கே கல் என்றால் ஒன்பது கல்தான். மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, மரகதம் புதனுக்கு, வைடூரியம் கேதுவுக்கு என்று ஜாதகத்தைப் பார்த்துக் கல் வாங்கியே பழக்கம். இந்தப் பட்டியலில் இடமில்லாத கல்லுக்கு இங்கே கேள்வியும் இல்லை, தமிழில் பெயரும் இல்லை. ஆனால் இந்த ரோஸ் கல்லின் குலத்துக்கும் காவிரிக்கும் உள்ள தொடர்பு, பத்தரும் நானும் நினைத்ததைவிடப் பழையது.

முதலில் குலத்தைப் பார்த்துவிடுவோம். இளஞ்சிவப்புக் கல், பெரில் என்ற கனிமத்தின் ஒரு நிறம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்தது பெரில். கலப்பு எதுவும் இல்லாவிட்டால் அது நிறமற்ற கண்ணாடி போல இருக்கும். அதில் துளி குரோமியமோ வனேடியமோ சேர்ந்தால் மரகதம். இரும்பு சேர்ந்தால் நீலமும் நீலப்பச்சையும், சந்தையில் அக்வாமரின் என்பார்கள். மஞ்சளுக்கும் இரும்புதான் காரணம். மாங்கனீசு சேர்ந்தால் இளஞ்சிவப்பு. எல்லாமே ஒரே மாவில் சுட்ட பணியாரம்தான். இதில் மரகதத்துக்கு மட்டும் புதன் என்று ஒரு கிரகமும் திருவெண்காடு என்று ஒரு கோயிலும் கிடைத்தன. மற்றவற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மரகதமும் பெரிலும் ஒரே இயல்புடையவை என்று பலர் கருதுவதாக முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அதை வேதியியலாக நிரூபிக்க 1798 ஆகிவிட்டது. இரண்டின் படிக வடிவமும் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்த ஹாய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இரண்டையும் பகுத்துப் பார்க்கும்படி வோக்லான் என்ற வேதியியலாளரிடம் சொன்னார். வோக்லான் பகுத்தபோது இரண்டிலும் அதுவரை யாரும் அறியாத ஒரே தனிமம் வந்தது. அதன் உப்புகள் நாக்கில் இனித்ததால் முதலில் இனிப்பு என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். அதைச் சுவைத்துப் பார்த்தவர்களை நினைத்தால் இன்று வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் பெரிலியம் நல்ல நஞ்சு. கல்லாக இருக்கும்வரை பயமில்லை, மோதிரமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இனி பெயருக்கு வருவோம். 'பெரில்' என்ற சொல் ஐரோப்பாவில் பிறந்ததில்லை. கிரேக்கத்தில் பெரில்லோஸ். அது பிராகிருதத்தின் வேளுரிய என்ற சொல்லிலிருந்து போனது. அதே சொல்தான் வடமொழியில் வைடூர்யம், நம் வாயில் வைடூரியம். இதன் வேர் தெற்கே, திராவிட மொழிகளில் இருக்கலாம் என்றும், கர்நாடகத்துப் பேளூர் போன்ற ஓர் ஊர்ப் பெயரோடு அதற்கு உறவு இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். உடனே வைத்தீஸ்வரன்கோயிலின் பழைய பெயரான புள்ளிருக்குவேளூரோடு முடிச்சுப் போட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி தயார் செய்துவிட வேண்டாம். ஆனால் சொல் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறியது உறுதி. ஜெர்மானியர்கள் மூக்குக்கண்ணாடியை 'பிரில்லெ' என்கிறார்கள். அதுவும் பெரிலிலிருந்து வந்ததுதான். பத்தர் நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடிக்கும் கையில் இருந்த கல்லுக்கும் அந்த ஊரில் ஒரே வேர்ச்சொல்.

வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் வைடூரியம் என்று சொல்வது பெரிலை இல்லை. பூனைக்கண் போலக் கோடு ஓடும் கிரைசோபெரில் என்ற வேறு கனிமம் அது. அதிலும் பெரிலியம் உண்டு, ஆனால் கட்டமைப்பு வேறு, கடினமும் அதிகம். காலப்போக்கில் பெயர் ஒரு கல்லை விட்டு இன்னொரு கல்லுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பூம்புகாருக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள்: அங்கிருந்து சில கிலோமீட்டரில் கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம், இன்னொரு பக்கம் புதனுக்குத் திருவெண்காடு. ஒரு கோயில் பெரிலின் பழைய பெயரை வைத்திருக்கிறது, இன்னொன்று பெரிலின் பச்சை நிறத்தை வைத்திருக்கிறது. ரோஸ் பெரில் இரண்டுக்கும் நடுவே வீடு இல்லாமல் நிற்கிறது.

பெயர் வைப்பதில் நம்மவர்கள் சளைத்தவர்களும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் கணக்கைப் பாருங்கள். ஒப்பு முத்து, குறு முத்து, நிம்பொளம், பயிட்டம், கரடு, சப்பத்தி, சக்கத்து என்று முத்துக்கு மட்டும் எத்தனை வகை! எண்ணிக்கை, எடை எல்லாம் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை இறங்கிப் பதிவாகியிருக்கிறது. கையில் வந்து போன பொருளுக்குப் பெயர் தானாக வந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் பெரில் கைக்கு வராத பொருள், அதனால் பெயர் வைக்கும் தேவை எழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெரில் குலத்தின் நீலப்பச்சைப் பிள்ளை மட்டும் நம் ஆற்றங்கரையில் தாராளமாகக் கிடைத்தது. காங்கேயம் பக்கத்துப் படியூரில் அக்வாமரின் சுரங்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காலத்தில்கூட அங்கே தோண்டியிருக்கிறார்கள். அதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் பெரில், பளிங்கு, சூதுபவளம், நீலக்கல் எல்லாவற்றையும் மணியாக்கித் துளையிட்டிருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980களில் அங்கே அகழ்வாய்வு நடத்தியது நம் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம். வெட்டாத கல், பாதி செதுக்கிய கல், துளையிட்ட மணி என்று வேலையின் ஒவ்வொரு கட்டமும் மண்ணுக்குள் கிடந்தது. நொய்யல் போய்ச் சேர்வது காவிரியில். சங்ககிரிப் பக்கம் மரகதமும் கிடைத்திருக்கிறது. ஆக, பெரில் குலத்தின் இரண்டு நிறம் காவிரி வடிநிலத்திலேயே இருக்கிறது.

அந்தக் கல்லெல்லாம் காவிரி வழியே வந்து பூம்புகாரில் கப்பல் ஏறியது என்று எழுத எனக்கு ஆசைதான். வந்தும் இருக்கலாம். பட்டினப்பாலை சொல்லும் பூம்புகார்க் கடைத்தெருவில் வடமலையின் மணியும் பொன்னும் குவிந்து கிடக்கின்றனவே. ஆனால் கொடுமணல் இருப்பது கரூரிலிருந்து மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குப் போகும் பெருவழியில். ரோமானியக் காசுப் புதையல்கள் கொங்கு நாட்டில் கொத்துக் கொத்தாகக் கிடைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான பெரில் மேற்குக் கடற்கரை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். புன்னாடு என்று படிக்கத்தக்க ஓர் ஊரில் பெரில் கிடைப்பதாகப் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறித்திருப்பதும் உள்நாட்டைத்தான் காட்டுகிறது.

சரி, நீலமும் பச்சையும் இருக்கும் இடத்தில் ரோஸ் மட்டும் ஏன் பேர் வாங்கவில்லை? இதற்குக் கல் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு பாறையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சிரமம். இங்கே நூறு அடி தோண்டினாலும் வண்டலும் மணலும் களியும்தான். அம்மிக்கல்லைக்கூட வெளியூரிலிருந்து கொண்டுவந்த ஊர்கள் இவை. ஆனால் பாறை இல்லாவிட்டாலும் வேதாரண்யம் உப்பளம் இருக்கிறது. அது போதும்.

உப்பளத்தில் கடல்நீரைப் பாத்திகளில் மாற்றி மாற்றிக் காய வைக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, ஜிப்சம் வகையறா. அப்புறம் நாம் சாப்பிடும் உப்பு. உப்பை வாரிய பிறகும் பாத்தியில் கொழகொழவென்று ஒரு நீர் நிற்கும். வாயில் வைத்தால் கசக்கும். மக்னீசியம், புரோமின் போன்றவை அதில்தான் சேர்ந்து கிடக்கும். உப்புப் படிகத்துக்குள் இடம் கிடைக்காதவை எல்லாம் கடைசி நீரில் ஒதுங்கிவிடுகின்றன.

பூமிக்கடியில் கிரானைட் குழம்பு ஆறும்போதும் இதேதான் நடக்கிறது. முதலில் ஃபெல்ஸ்பார், அப்ரகம், குவார்ட்ஸ் என்று சாதாரணக் கனிமங்கள் உறைகின்றன. அவற்றின் படிகக் கூட்டுக்குள் சில அணுக்கள் உட்கார முடியாது. பெரிலியம் ரொம்பச் சிறிசு, சீசியம் ரொம்பப் பெரிசு, லித்தியம், போரான் போன்றவையும் ஒத்துப்போகாதவை. இவை கடைசிக் குழம்பில் நீரோடு சேர்ந்து அடர்கின்றன. பூமியின் மேலோட்டில் பெரிலியம் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான். அப்படிப்பட்ட பொருள் ஒரு கல்லாகத் திரள வேண்டுமானால் இந்த மாதிரி வடிகட்டல் நடந்தே ஆக வேண்டும். அந்தக் கடைசிக் குழம்பு பாறை விரிசல்களுக்குள் பாய்ந்து உறைந்ததுதான் பெக்மடைட். நீர்ச்சத்து அதிகம் என்பதால் படிகம் பெரிசு பெரிசாக வளரும். ஆள் உயரப் படிகங்கள்கூட உண்டு.

கொஞ்சம் வடிகட்டினால் பெரிலியம் சேர்ந்து பெரில் வந்துவிடும். இரும்பு இன்னும் மிச்சம் இருக்கும் கட்டம் அது, எனவே நீலப்பச்சை. காங்கேயம் பகுதி பெக்மடைட்டுகள் பேர் போனது இதற்குத்தான். ரோஸ் வேண்டுமென்றால் குழம்பு இன்னும் பல படி வடிய வேண்டும். இரும்பு தீர்ந்து, மாங்கனீசு நின்று, லித்தியமும் சீசியமும் குவிந்த கடைசிச் சொட்டு வேண்டும். அதனால்தான் இளஞ்சிவப்புப் பெரில் கிடைக்கும் பொந்துகளில் ஊதா நிற லித்திய அப்ரகமான லெபிடோலைட்டும் வண்ண டூர்மலின் கற்களும் ஸ்பாட்யூமின் என்ற லித்தியக் கனிமமும் கூடவே கிடக்கும். சுரங்கக்காரர்கள் ஊதா அப்ரகத்தைக் கண்டால் மெல்லத் தோண்ட ஆரம்பிப்பார்கள்.

சீசியம் கல்லுக்குள் எங்கே உட்காருகிறது என்பது அழகான விஷயம். பெரிலின் உள்ளமைப்பு வளையல் அடுக்கு மாதிரி. ஆறு ஆறு சிலிக்கான் கூறுகள் சேர்ந்து ஒரு வளையம், வளையத்தின் மேல் வளையம். வளையல்களை அடுக்கினால் நடுவில் ஒரு குழல் வருமல்லவா, அந்தக் குழலுக்குள் சீசியம் போய் அமர்ந்துகொள்கிறது. அது கொண்டுவரும் கூடுதல் மின்னூட்டத்தைச் சரிக்கட்ட, ஒரு பெரிலியத்தின் இடத்தில் லித்தியம் வந்து நிற்கும். இதனால் கல்லின் எடை கொஞ்சம் கூடுகிறது. சாதாரணப் பெரில் தண்ணீரைப்போல் 2.7 மடங்கு கனம் என்றால் ரோஸ் பெரில் 2.8, 2.9 வரை போகும். படிகத்தின் உருவமும் மாறும். நீலப் பெரில் கரும்புத் துண்டு போல நீளமாக, ஆறு பட்டையோடு வளரும். ரோஸ் பெரில் பெரும்பாலும் சப்பையாக, பலகை வெல்லம் போல இருக்கும். இந்தியர்களுக்கு நீளமான பெரில்தான் பிடிக்கும் என்று பிளினி எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதையில் கொஞ்சம் அரசியல் உண்டு. இத்தாலியின் எல்பா தீவில் கிடைத்த இளஞ்சிவப்புப் பெரிலுக்கு 1880இல் ரோஸ்டெரைட் என்று பெயர் வைத்தார்கள். ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியில் கிடைத்ததற்கு 1908இல் வெர்னாத்ஸ்கி என்ற விஞ்ஞானி, காகசஸ் மலையில் உயிரிழந்த தம் சக கனிமவியலாளர் வொரோபியொவின் பெயரை வைத்தார். இரண்டும் புத்தகத்தோடு நின்றுவிட்டன. 1910இல் நியூயார்க்கில், டிஃபனி நகைக்கடையின் கல் நிபுணர் ஜார்ஜ் குன்ஸ், மடகாஸ்கர் கல்லை முன்வைத்து மோர்கனைட் என்று அறிவித்தார். ஜே. பி. மோர்கன் என்ற வங்கி முதலாளியின் பெயர் அது. அவர் கல் சேகரிப்பாளர், குன்ஸின் பெரிய வாடிக்கையாளர், அருங்காட்சியகத்துக்கு வாரிக் கொடுத்தவர். பனிமலையில் செத்த விஞ்ஞானியை உலகம் மறந்தது, வங்கிக்காரர் மோதிரத்தில் நின்றுவிட்டார். குன்ஸ் பெயரிலும் ஒரு ரோஸ் கல் உண்டு, குன்சைட். அது ஸ்பாட்யூமின் வகை. கலிபோர்னியாவின் பாலா பகுதியில் இரண்டும் ஒரே மலையில் கிடைக்கின்றன. கடைக்காரர்களே குழம்புவதுண்டு.

இனி ஊர்கள். மடகாஸ்கர்தான் மூத்த வீடு. தீவின் நடுமேட்டில் அன்ட்சிராபே நகரத்துக்குத் தெற்கே சஹதானி பள்ளத்தாக்கு, அதன் பக்கத்தில் மஹாரிட்ரா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து வந்த கற்களின் நிறம் இன்றுவரை அளவுகோல். வெளிறாத, லேசாக ஊதா ஓடும் ரோஸ். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 600 காரட் எடையில் பட்டை தீட்டிய மடகாஸ்கர் கல் ஒன்று இருக்கிறது.

அதே மடகாஸ்கரில் 2002 நவம்பரில் சகவலானா என்ற பெக்மடைட்டில் ராஸ்பெர்ரிப் பழ நிறத்தில் ஒரு கல் கிளம்பியது. எல்லாரும் அடர் ரோஸ் பெரில் என்றே வாங்கினார்கள், விற்றார்கள். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால், குழலுக்குள் சீசியம் அவ்வளவு அதிகமாக, லித்தியம் மூன்றில் ஒரு பெரிலியத்தின் இடத்தை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு, படிக அமைப்பே மாறிப்போயிருந்தது. 2003இல் அதைத் தனிக் கனிமமாக அங்கீகரித்து, மிலான் அருங்காட்சியகத்தின் ஃபெடரிகோ பெட்சோட்டா பெயரால் பெட்சோட்டைட் என்றார்கள். கடைசிச் சொட்டு இன்னும் ஒரு படி வடிந்தால் பெரில் பெரிலாகவே இருக்காது என்பதற்கு அது நல்ல சாட்சி. முதல் பொந்து சீக்கிரமே காலியாகிவிட்டது.

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலம் சந்தைக்கு அதிகக் கல் தருகிற இடம். அங்கே பல கற்கள் வெட்டி எடுக்கும்போது ரோஸாகவே இருக்காது. பழுத்த பப்பாளியைத் தண்ணீரில் கரைத்த மாதிரி ஓர் ஆரஞ்சு சாயல் இருக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மொசாம்பிக்கின் அல்டோ லிகோன்யா பகுதியும், ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தான், குனார் மலைகளும் முக்கியமானவை. ஆப்கன் கற்கள் சப்பைப் படிகமாக, வெள்ளை ஃபெல்ஸ்பார் மேல் வெற்றிலைத் தட்டில் வைத்த பூ மாதிரி உட்கார்ந்திருக்கும். பட்டை தீட்ட மனசு வராது, சேகரிப்பாளர்கள் அப்படியே வாங்கிவிடுவார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பக்ஃபீல்டு என்ற ஊரில் 1989 அக்டோபரில் ஒரு குவாரியில் கிடைத்த 'ரோஸ் ஆஃப் மெய்ன்' படிகம் சுமார் 23 கிலோ, ஒரு அடி அகலம். நைஜீரியா, நமீபியாவிலும் உண்டு. யூட்டா மாநிலத்துச் சிவப்புப் பெரிலை இதோடு சேர்க்கக் கூடாது. நிறம் தருவது அங்கும் மாங்கனீசுதான், ஆனால் அது எரிமலைப் பாறையில் பிறக்கிறது, பிறப்பு வழியே வேறு.

வரைபடத்தில் இந்த ஊர்களைக் குறித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மடகாஸ்கர், மொசாம்பிக், பிரேசில் மூன்றிலும் இந்தப் பெக்மடைட்டுகள் சுமார் 50 கோடி ஆண்டுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிய காலத்தைச் சுற்றி உருவானவை. அன்றைக்குத் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் பக்கத்து வீடு, சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்புதான் பிரிந்தன. கண்டங்கள் மோதிய தழும்பு ஒன்று தமிழ்நாட்டின் குறுக்கே கிடக்கிறது. பாலக்காடு–காவிரி நறுக்கு மண்டலம் என்று புவியியலாளர்கள் அதைச் சொல்கிறார்கள். காங்கேயத்துக் கல்லும் மடகாஸ்கர்க் கல்லும் ஏறத்தாழ ஒரே கூட்டுக் குடும்பத்துச் சண்டையில் பிறந்தவை. ஒரு பக்கத்துக் குழம்பு அதிகம் வடிந்தது, இன்னொரு பக்கம் அவ்வளவு வடியவில்லை.

ஆரஞ்சு விஷயம் என்னவென்றால், கல்லில் மாங்கனீசின் ரோஸோடு இரும்பின் மஞ்சளும் கொஞ்சம் கலந்திருந்தால் அந்தப் பப்பாளி நிறம் வரும். சுமார் 400 டிகிரி செல்சியஸில் பக்குவமாகச் சூடாக்கினால் மஞ்சள் போய் ரோஸ் மட்டும் நிற்கும். சில கற்களில் வெயிலே இந்த வேலையைச் செய்துவிடும். சூடாக்கியதை ஆய்வுக்கூடத்தில்கூடப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. நிறமும் திரும்பாது. எனவே யாராவது "சூடே காட்டாத கல்" என்று மோர்கனைட்டுக்குக் கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். இன்னொன்று, இது அடிப்படையில் வெளிர்க்கல். சின்னதாக வெட்டினால் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நிறம் தெரிய ஐந்து, பத்து காரட்டாவது வேண்டும். ரோஸ் தங்கத்தில் கட்டினால் தங்கத்தின் சாயல் கல்லுக்குள் ஏறி நிறம் தூக்கும். வெளிநாடுகளில் சமீப ஆண்டுகளில் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு இது பிரபலமானதில் இந்தத் தந்திரத்துக்குப் பங்கு உண்டு.

பத்தருக்குச் சந்தேகம் தீரவில்லை. "திருச்சிக் கல்லா இருக்கப்போகுது தம்பி" என்றார். அவர் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிய காலம் உண்டு. சாணைச் சக்கரத்தின் முன் குடும்பமே உட்கார்ந்திருக்கும். இயந்திரத்தில் வெட்டிய சீனக் கல் வந்த பிறகு பலர் அந்தச் சக்கரத்தைப் பரணில் போட்டுவிட்டார்கள். அந்தக் கைகளில் ரோஸ் கலர் ஏகப்பட்டது போயிருக்கிறது. எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. சில வருஷம் முன்பு ஒரு கடையில் ரோஸ் கல் தோடு வாங்கி வந்து, நிறுத்துப் பார்த்தபோது அது மோர்கனைட் விலையில் விற்ற சீ.இசட்., அதாவது க்யூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல் என்று தெரிந்தது. கனம்தான் காட்டிக்கொடுத்தது. ஆறரை மில்லிமீட்டர் உருண்டைப் பட்டையில் வைரம் ஒரு காரட் இருக்கும். அதே அளவில் பெரில் முக்கால் காரட்டுக்குக் கொஞ்சம் கூட, சீ.இசட். ஒன்றே முக்காலுக்குப் பக்கம். கண்ணுக்கு ஒன்று, தராசுக்கு இன்னொன்று.

அதனால் பத்தரிடம் தராசைக் கேட்டேன். கல்லை வறட்டுக்கு நிறுத்தால் 2.38 கிராம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில், தராசின் கொக்கியிலிருந்து மெல்லிய நூலில் கட்டித் தொங்கவிட்டோம். காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு இரண்டு தடவை தவறாகக் காட்டியது. பத்தர் தம் பூனைமுடித் தூரிகையால் குமிழைத் தட்டிவிட்டார். மூன்றாம் தடவை 1.53 நின்றது. குறைந்தது 0.85. முதல் எடையை இந்தக் குறைவால் வகுத்தால் 2.80, அதாவது தண்ணீரைப்போல் 2.80 மடங்கு கனம். ரோஸ் குவார்ட்ஸ் என்றால் 2.65 வந்திருக்கும், டூர்மலின் என்றால் 3க்கு மேல், குன்சைட் 3.18, புஷ்பராகம் மூன்றரை, நீலக்கல்லின் ரோஸ் வகை 4, சீ.இசட். ஆறுக்குப் பக்கம். கண்ணாடி மட்டும் எந்த எண்ணிலும் வந்து ஏமாற்றும். அதற்காகத் திருச்சியில் ஒரு கல் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினோம். ஒளிவிலகல் 1.58க்கு மேல், இரட்டை விலகல் (ஒளிக்கதிர் கல்லுக்குள் இரண்டாகப் பிரிவது) உண்டு, ஒரு திசையில் வெளிர் ரோஸ், இன்னொரு திசையில் நீலம் கலந்த ரோஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு இரட்டை விலகல் வராது. பெரில்தான்.

சீட்டைப் பார்த்த பிறகு பத்தர் கல்லை இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்தார். "கடினம் எப்படி? நித்தம் போடலாமா?" ஏழரையிலிருந்து எட்டு, மரகதத்தைவிடப் பொதுவாகக் கீறல் விரிசல் குறைவு, நித்தம் போடலாம், ஓரத்தில் இடிபடாமல் விளிம்பு ஏற்றிக் கட்டுங்கள் என்றேன். விளிம்பைக் கையால் காட்டி, எத்தனை குன்றிமணி தங்கம் போகும் என்று மனக்கணக்குப் போட்டார். அப்புறம் பில் புத்தகத்தை எடுத்து, கல்லின் பெயர் எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். மோர்கனைட் என்றேன். எழுத்துக் கூட்டிப் பார்த்தார், சரிப்படவில்லை. கடைசியில் 'ரோஸ் கல் 1, கட்சிக்காரருடையது' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.